மாமாவின் கசெட்டில் சமம் எங்கே?

லாஜிக், ஏபிள்டன், கராஜ்பேண்ட் எதைத் திறந்தாலும் எண்கள் ஓடும் ஒரு பெட்டி இருக்கும். இவற்றில் நேரத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று நிமிடமும் செக்கனும். மற்றது எத்தனையாவது பார், எத்தனையாவது பீட் என்பது. முதலாவதை எப்படி இரண்டாவதாக மாற்றுவது என்பதுதான் இந்தப் பதிவு. கணக்கு சின்னது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆனால் எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவது, எத்தனைக்கு ஒருதரம் திரும்பி வருவது என்ற இரண்டையும் தாளம் தெரிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். மென்பொருளுக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் அம்மா.

ஒரு சொல் விளக்கம். 'பார்' என்று தமிழில் எழுதினால் யாரையோ பார்க்கச் சொல்வதுபோல இருக்கிறது. அதனால் இனி அதைக் கட்டம் என்று எழுதுகிறேன். பீட்டை பீட் என்றே விட்டுவிடுகிறேன்.

கிளென் வேவர்லியில் எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள் சனிக்கிழமை காலை மிருதங்க வகுப்புக்கோ வீணை வகுப்புக்கோ போகிறார்கள். அதே பிள்ளைகள் இரவில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு லாப்டொப்பில் பீட் செய்கிறார்கள். காலையில் எட்டு எண்ணுகிற கை இரவில் நாலு எண்ணுகிறது. இரண்டும் ஒரே வேலை என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு கசெட்தான் சொன்னது.

அம்மாவின் அண்ணா யாழ்ப்பாணத்தில் மிருதங்கம் வாசித்தவர். 1984இல் ஒரு கோவில் திருவிழாக் கச்சேரியில் அவர் வாசித்த தனி ஆவர்த்தனம், 22 நிமிடம், ஒரு கசெட்டில் இருக்கிறது. ஆதி தாளம். அம்மா அவுஸ்திரேலியாவுக்கு வந்தபோது சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. மாமா இப்போது இல்லை. அவருடைய கை இருப்பது அந்த நாடாவில் மட்டும்தான்.

மாமாவின் பத்தாம் ஆண்டு நினைவு நாளுக்குப் போடுவதற்காக, சிட்னியில் இருக்கும் மச்சான் அதில் மூன்று நிமிடத்தை வெட்டி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துத் துப்புரவு செய்வித்தார். இரைச்சல் போய்விட்டது, சத்தம் பளிச்சென்று இருந்தது. நாங்கள் எல்லோரும் நல்லாயிருக்கு என்றோம். அம்மா ஒருதரம் கேட்டார், இன்னொருதரம் கேட்டார். பிறகு, "இது அண்ணாவின்ர கை இல்லை" என்றார்.

அம்மாவுக்கு லாஜிக் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி. அது ஏன் சரி என்று எண்களில் காட்ட முடியும்.

முதலில் அடிப்படைக் கணக்கு. மாமா தனியைத் தொடங்கும்போது ஒரு ஆவர்த்தனம் சரியாக 6 செக்கன் எடுக்கிறது. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். 6 செக்கனில் 8 என்றால் நிமிடத்துக்கு 80. அதாவது டெம்போ 80. என் கோப்பில் முதல் சமம் 3.20 செக்கனில் விழுகிறது. 50.45 செக்கனில் ஒரு அடி விழுகிறது. அது தாளத்தில் எங்கே?

முதல் படி, முதல் சமத்தைக் கழியுங்கள். 50.45இலிருந்து 3.20 போனால் 47.25. இரண்டாவது படி, டெம்போவால் பெருக்கி 60ஆல் வகுங்கள். 47.25 × 80 ÷ 60 = 63. அதாவது 63 பீட் முடிந்துவிட்டது. மூன்றாவது படி, 63ஐ 8ஆல் வகுங்கள். ஈவு 7, மீதி 7. நாலாவது படி, இரண்டோடும் ஒன்றைக் கூட்டுங்கள். ஏனென்றால் கட்டமும் பீட்டும் 0இலிருந்து இல்லை, 1இலிருந்து எண்ணப்படுகின்றன. ஆகவே 8ஆம் ஆவர்த்தனம், 8ஆம் அட்சரம். கையில் தாளம் போட்டுப் பாருங்கள். லகுவுக்கு ஒரு தட்டும் மூன்று விரலும், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. அந்த அடி கடைசி வீச்சில் விழுகிறது. அடுத்தது சமம்.

இதே 63ஐ 4ஆல் வகுத்தால் ஈவு 15, மீதி 3. மென்பொருள் "16ஆவது கட்டம், 4ஆவது பீட்" என்று காட்டும். பிழை இல்லை, ஆனால் பயனும் இல்லை. ஒரு ஆவர்த்தனம் இரண்டு கட்டமாக உடைந்துவிட்டதால், 16 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் லகுவில் நிற்கிறீர்களா திருதத்தில் நிற்கிறீர்களா என்று உடனே சொல்ல முடியாது. கையெழுத்து 4/4 என்பதை 8/4 என்று மாற்றுங்கள். ஒரு கட்டம் ஒரு ஆவர்த்தனம் ஆகிவிடும். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கக் கோடும் சமம். அரை நிமிட வேலை.

புதிய ப்ரொஜெக்ட் திறந்தால் 120, 4/4 என்று வருவது யாரோ ஒருவர் போட்ட தொடக்க மதிப்பு மட்டும்தான். மிடி என்ற பொதுமொழி 1983இல் வந்தது. அதன் கோப்பு வடிவத்தில் வேகம் எதுவும் எழுதாமல் விட்டால் ஒரு பீட்டுக்கு 5,00,000 மைக்ரோசெக்கன், அதாவது அரை செக்கன், என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் 120. கருவிகளை ஒன்றோடு ஒன்று ஓட விடும் மிடி கடிகாரம் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. 24ஐ 3ஆலும் 4ஆலும் வகுக்கலாம். 5ஆலும் 7ஆலும் முடியாது. அதை அமைத்தவர்கள் மனதில் எந்த இசை இருந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கண்ட நடையும் மிஸ்ர நடையும் அவர்கள் மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி அம்மா கேட்டது. மாமா ஒரு இடத்தில் திஸ்ர நடைக்குப் போகிறார். ஒரு அட்சரத்துக்குள் சம இடைவெளியில் மூன்று அடி, த கி ட. மென்பொருள் ஒவ்வொரு பீட்டையும் டிக் என்ற துணுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கும். 480 என்பது பரவலாக உள்ள எண், லாஜிக்கில் 960. 480 என்று வைத்துக்கொண்டால் த 0இல், கி 160இல், ட 320இல். ஆனால் ஸ்டூடியோவில் கோடுகள் பதினாறாம் பங்குக்கு இருந்தன. அப்படியென்றால் கோடுகள் 0, 120, 240, 360 ஆகிய இடங்களில் இருக்கும். 'எல்லாவற்றையும் கிட்டிய கோட்டுக்கு நகர்த்து' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் 160இல் இருந்த கி 120க்குப் போகிறது, 320இல் இருந்த ட 360க்குப் போகிறது. இடைவெளிகள் 160, 160, 160 ஆக இருந்தவை 120, 240, 120 ஆகின்றன. ஒவ்வொரு அடியும் நகர்ந்தது 40 டிக். 80 டெம்போவில் அது 62 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். கேட்கும்போது சத்தம் சுத்தம், தாளம் சரி, ஆனால் தகிட நொண்டுகிறது. மூன்று அடியும் ஒரே நீளமாக வருவதுதான் திஸ்ரம். அந்த ஒன்றே போய்விட்டது.

இரண்டாவது விஷயம் முடிவில். தனியின் கடைசிக் கோர்வை சமத்தில் முடியவில்லை. அந்தப் பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி. தனி முடிந்ததும் பாடகர் பல்லவியை அங்கேதான் எடுக்க வேண்டும், அதனால் மாமா கோர்வையை அங்கேயே கொண்டுபோய் இறக்குகிறார். எண்ணில் சொன்னால் 225ஆம் ஆவர்த்தனம், 2ஆம் பீட், 240 டிக். சமம் 1ஆம் பீட், அதிலிருந்து ஒரு அட்சரம் தள்ளினால் 2ஆம் பீட், இன்னும் அரை தள்ளினால் 480இல் பாதி. ஸ்டூடியோக்காரருக்கு அது பிந்தி விழுந்த அடியாகத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி அடியைக் கையால் இழுத்து 1ஆம் பீட்டில் வைத்திருந்தார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அண்ணா எடுப்புக்கெல்லோ விட்டவர். பாட்டு அங்கதானே தொடங்கினது" என்றார். நாற்பது வருடத்துக்கு முந்திய பாட்டின் எடுப்பு அவருக்கு நினைவிருந்தது.

அதற்குப் பிறகுதான் நானும் அம்மாவும் முழுக் கசெட்டையும் முதலிலிருந்து செய்தோம். இந்த முறை கோடுகளை மாமாவுக்கு ஏற்ப வளைப்பது, மாமாவைத் தொடுவதில்லை என்று முடிவு. மென்பொருள்களில் இவை இரண்டும் வெவ்வேறு கட்டளைகள். அடிகளைக் கோட்டுக்கு இழுப்பதற்குப் பெயர் குவாண்டைஸ். கோடுகளை ஒலிப்பதிவுக்கு ஏற்ப அமைப்பதற்கு லாஜிக்கில் 'பீட் மேப்பிங்' இருக்கிறது. மற்றவற்றிலும் டெம்போ மேப் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இரண்டாவதில் ஒலி அப்படியே இருக்கும், அளவுகோல் மட்டும் மாறும்.

இது ஏன் வேண்டும் என்றால், மனிதர் வாசிக்கும்போது காலப்பிரமாணம் சற்று நகரும். தொடக்கத்தில் 6 செக்கன் எடுத்த ஆவர்த்தனம் முடிவில் 5.6 செக்கன்தான் எடுக்கிறது. டெம்போ 80இலிருந்து ஏறத்தாழ 85.7க்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு ஆவர்த்தனமாகக் கேட்டால் தெரியாது. ஆனால் 80 என்ற ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் பார்த்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். முதல் சமத்திலிருந்து 1160 செக்கனில் மாமா 200 ஆவர்த்தனத்தை முடித்து 201இன் சமத்தில் நிற்கிறார். 80ஐ வைத்துப் பெருக்கினால் 1546.67 பீட் வரும், அதாவது 194ஆம் ஆவர்த்தனத்தின் நடுவில் ஏதோ ஒரு இடம். ஏறத்தாழ ஏழு ஆவர்த்தனம் பின்னால். நாங்கள் தேடும் அடி அங்கே இருக்காது.

அதனால் ஒவ்வொரு ஆவர்த்தனத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கசெட்டில் யாரும் தாளம் தட்டும் சத்தம் கேட்கவில்லை. அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்து தொடையில் தாளம் போட்டார். நான் ஒவ்வொரு சமத்திலும் ஒரு விசையைத் தட்டினேன். விரல் எப்போதும் கொஞ்சம் பிந்தும், ஆகவே பிறகு ஒவ்வொரு குறியையும் பெரிதாக்கிப் பார்த்து உண்மையான அடியின் தொடக்கத்துக்கு நகர்த்தினேன். சமத்தில் அடி இல்லாத ஆவர்த்தனங்களில் இரண்டு பக்கமும் உள்ள சமங்களை வைத்து நடுவில் போட்டேன். இருநூற்றுக்கு மேற்பட்ட சமங்கள். இரண்டு மாலை நேரம் போனது.

சமங்கள் கிடைத்துவிட்டால் கணக்கு இன்னும் எளிது, டெம்போவே தேவையில்லை. ஒரு ஆவர்த்தனத்தின் சமம் 1160.00இல், அடுத்தது 1165.60இல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1163.50இல் ஒரு அடி. சமத்திலிருந்து தூரம் 3.5, ஆவர்த்தனத்தின் நீளம் 5.6. 3.5ஐ 5.6ஆல் வகுத்து 8ஆல் பெருக்கினால் 5. ஐந்து அட்சரம் முடிந்திருக்கிறது, ஆகவே 6ஆம் அட்சரம், முதல் வீச்சு.

மிருதங்கம் படிப்பவர்கள் மிடியில் எழுதும்போது ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும், அது மிஸ்ர நடை. ஒரு அட்சரத்தில் ஏழு. 480ஐ 7ஆல் வகுத்தால் 68.57. டிக்கில் பின்னம் கிடையாது. 68 என்று வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் ஏழு அடிக்கு 476தான் வரும். ஒரு அட்சரத்துக்கு 4 டிக் குறைகிறது. ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 டிக், 80 டெம்போவில் 50 மில்லிசெக்கன். நாலு ஆவர்த்தனம் போனால் 200 மில்லிசெக்கன், பீட்டின் கால் பங்கைத் தாண்டிவிடும். சமம் முன்னாலேயே வந்து விழும்.

வழி இதுதான். முந்திய அடியிலிருந்து அடுத்த அடியைக் கணக்கிடாதீர்கள், ஒவ்வொரு அடியையும் சமத்திலிருந்து கணக்கிடுங்கள். மூன்றாவது அடி வேண்டுமென்றால் 480 × 2 ÷ 7 = 137.14, அதை 137 ஆக்குங்கள். நாலாவது, 480 × 3 ÷ 7 = 205.71, அதை 206 ஆக்குங்கள். ஒவ்வொன்றிலும் பிழை அரை டிக்குக்கு மேல் வராது, அடுத்ததற்குக் கடத்தப்படவும் மாட்டாது. வகுப்பில் ஆசிரியர் "கையில் தாளத்தை விடாதே" என்று சொல்வதும் இதைத்தான். வாய் எந்த நடையில் போனாலும் கை சமத்தைப் பிடித்திருந்தால் பிழை சேராது.

சில மென்பொருள்களில் டிக் எண்ணை நீங்களே மாற்றலாம். அப்படியென்றால் 1260 போடுங்கள். சதுஸ்ரத்துக்கு 315, திஸ்ரத்துக்கு 420, கண்டத்துக்கு 252, மிஸ்ரத்துக்கு 180, சங்கீர்ணத்துக்கு 140. ஐந்து நடைக்கும் மீதியில்லாமல் வகுபடும் ஆகச் சிறிய எண் அது. மிடி கோப்பும் அதை ஏற்றுக்கொள்ளும்.

மிஸ்ர சாபு செய்பவர்களுக்கு இன்னொரு பொறி. கையெழுத்தை 7/8 என்று போடுவீர்கள், சரி. ஆனால் பெரும்பாலான மென்பொருள்களில் டெம்போ கால் பங்கு நோட்டைத்தான் எண்ணும், எட்டாம் பங்கை இல்லை. டெம்போ 120 என்று இருந்தால் உங்கள் ஏழு எண்ணிக்கைகள் நிமிடத்துக்கு 240 வேகத்தில் ஓடும். ஆகவே செக்கனிலிருந்து மாற்றும்போது விடையை இரண்டால் பெருக்கிவிட்டுத்தான் 7ஆல் வகுக்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கு, செக்கனிலேயே குறித்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கசெட் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும், ஆனால் எல்லாக் கருவியும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. மச்சானின் கருவி எங்களுடையதைவிட இரண்டு வீதம் வேகம். அதனால் என் கோப்பில் 21 நிமிடம் 39 செக்கனில் முடியும் கோர்வை அவருடையதில் 21 நிமிடம் 13 செக்கனில் முடிந்துவிடுகிறது. சுருதியும் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிக் கேட்கிறது. தொலைபேசியில் "21:39ஐக் கேள்" என்றால் அவர் வேறு ஏதோ ஒன்றைக் கேட்பார். "225ஆம் ஆவர்த்தனம், ஒன்றரை இடம்" என்றால் இருவரும் ஒரே அடியைக் கேட்போம். நாடா மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் மாமா வாசித்த ஆவர்த்தனங்களின் எண்ணிக்கை மாறாது.

இது எங்கள் வீட்டுக் கசெட்டுக்கு மட்டுமான விஷயம் இல்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானார். என் வயதுக்காரருக்கும் உங்களுக்கும் அவருடைய கை ஒலிப்பதிவில் மட்டும்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட நாடாக்களை ஒருவர் பிரதியெடுக்க, அதை இன்னொருவர் பிரதியெடுக்க, ஒவ்வொரு முறையும் வேகம் கொஞ்சம் மாறலாம். அதில் ஒரு துண்டை எடுத்து உங்கள் பாட்டில் போட விரும்பினால் போடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலில் சமத்தைக் கண்டுபிடியுங்கள், எந்த நடை என்று எண்ணுங்கள், கோடுகளை அதற்கு ஏற்ப வையுங்கள். பிறகு உங்கள் ட்ரம்ஸை அவருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தெரியாவிட்டால் வீட்டில் தாளம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்துங்கள். அம்மம்மாவோ, வகுப்பு ஆசிரியரோ, பின்வீட்டு மாமியோ. அவர்களுக்கு மென்பொருள் தெரியத் தேவையில்லை.

நாங்கள் செய்த வேலையின் முடிவில் ஒரு தாள் மிஞ்சியது. இடது பக்கம் ஆவர்த்தன எண், வலது பக்கம் என்ன நடக்கிறது என்ற குறிப்பு. '61, திஸ்ரம் தொடக்கம்.' '140, மிஸ்ரம்.' '225, எடுப்பு.' செக்கன் எதுவும் அதில் இல்லை. ஒரு பிரதியை மச்சானுக்கு அனுப்பினேன். ஒன்றை அம்மா எடுத்து வைத்துக்கொண்டார். நினைவு நாளுக்கு வெட்டாத பதிவின் கடைசி நாலு நிமிடத்தைப் போட்டோம், இரைச்சலோடு. அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி ஒன்றரைக்குப் பிறகு பல்லவியை அவரே மெதுவாக எடுத்தார்.